130 கோடி வோல்ட்டும் ஒரு மணி நேரக் கூலியும்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். ஊட்டிக்கு மேலே மிதக்கும் ஒரு இடிமேகத்துக்குள் எத்தனை வோல்ட் இருக்கும்?

வீட்டு பிளக்கில் 230 வோல்ட். கை பட்டாலே தூக்கிப் போட்டுவிடும். ஊர் விட்டு ஊர் போகிற ராட்சதக் கோபுரங்களில் 765 கிலோவோல்ட் லைன் என்று ஒன்று உண்டு. அதாவது 7 லட்சத்து 65 ஆயிரம் வோல்ட். அதன் அடியில் நின்றாலே 'உர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். சரி, மேகத்துக்கு எவ்வளவு சொல்வீர்கள்? ஒரு கோடி? பத்துக் கோடி?

விடை: 130 கோடி வோல்ட். நம் பெரிய மின்கோபுர லைனைப் போல 1700 மடங்கு. சும்மா அடித்து விடவில்லை நண்பர்களே. 2014 டிசம்பர் 1-ம் தேதி ஊட்டிக்கு மேலே வந்த ஒரு மேகத்தை ஊட்டியிலிருந்தே அளந்து சொன்ன எண் இது.

"டேய், பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. இந்த வோல்ட் கதை கடைசியில் கூலிக் கணக்கில்தான் வந்து நிற்கப் போகிறது. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள் :-)

இரும்புக் குழாய்கள் சொன்ன கதை

ஊட்டியில் ராஜ்பவன் பக்கம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரம். அங்கே இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் சோதனையின் பெயர் கிரேப்ஸ்-3. திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :-) விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்வதுதான் வேலை.

அதன் ஒரு பகுதி மியூவான் தொலைநோக்கி. தொலைநோக்கி என்றதும் லென்ஸ், குழல் என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள், மொத்தம் 3712. உள்ளே வாயு நிரப்பி நடுவில் ஒரு கம்பி. மேலே சுமார் 2 மீட்டர் தடிமனுக்கு கான்கிரீட். மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர். காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்கள் மழை போலக் கீழே கொட்டிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மேலும் என் மேலும்தான். இந்தக் குழாய்கள் ஒரு நாளைக்கு சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகின்றன. எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் பிரித்துச் சொல்கின்றன.

இதில் இடிமேகம் எங்கே வந்தது? மியூவான்களுக்கு மின்னூட்டம் உண்டு. பாசிட்டிவும் உண்டு, நெகட்டிவும் உண்டு. வழியில் பெரிய மின்னழுத்தம் உள்ள மேகம் நின்றால், ஒரு வகைக்கு ஆற்றல் கூடும், இன்னொரு வகைக்குக் குறையும். தரைக்கு வருபவற்றில் பாசிட்டிவ் கொஞ்சம் அதிகம். அதனால் கூட்டிக் கழித்தால் எண்ணிக்கையில் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும்.

2011 ஏப்ரலிலிருந்து 2014 டிசம்பர் வரை 184 இடிமழைகளை இப்படிப் பதிவு செய்தார்கள். அதில் அந்த டிசம்பர் 1 மேகம் கில்லாடி. 18 நிமிடம் மியூவான்களின் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. இரண்டே சதவீதம்! அதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் 130 கோடி வோல்ட் என்றார்கள். மேகத்தின் பரப்பு குறைந்தது 380 சதுர கி.மீ., வேகம் மணிக்கு சுமார் 60 கி.மீ. (மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. ஏற நம் மலை ரயிலுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. மேகத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.) அந்த மேகத்தின் மின்திறன் குறைந்தது 2000 மெகாவாட். கூடங்குளத்தில் மின்சாரம் தரும் இரண்டு அணு உலைகளையும் சேர்த்தால் வருகிற அளவு. 2019 மார்ச்சில் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் இது வெளியானது. அதற்கு முன் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்ததில் கிடைத்த உச்சம் சுமார் 13 கோடி வோல்ட். நம் ஊர் குழாய்கள் காட்டியது அதைப் போல பத்து மடங்கு.

இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் வரை இருக்கலாம் என்று 1929-லேயே சொன்னவர் சி.டி.ஆர். வில்சன். ஸ்காட்லாந்துக்காரர், நோபல் பரிசு வாங்கியவர். இவருக்கு இந்த ஆர்வம் வந்த கதை மலைக்காரர்களான நமக்குப் பிடிக்கும். 1895 ஜூனில் பென் நெவிஸ் மலைக்குப் பக்கத்துச் சிகரத்தில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று தலைமுடி சிலிர்த்து எழுந்திருக்கிறது. மனிதர் ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கிவிட்டார். பின்னாலேயே மின்னல். அதிலிருந்து இடிமேகத்தின் மின்சாரம் அவரை விடவே இல்லை.

தலைமுடி ஏன் எழுந்தது? மின்னல் வருவதற்கு முன்பே அதன் மின்புலம் வந்துவிட்டது. இந்தப் பதிவில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் கண்ணில் படுவது கடைசிக் காட்சி. அதற்குப் பல நிமிடங்கள் முன்பே காற்றில் மின்புலம் ஏறத் தொடங்கிவிடும். அளக்க ஆள் இருந்தால் தெரியும்.

வானிலை எப்படி மாற்றுகிறது?

நல்ல வெயில் நாளில்கூட தரைக்கு அருகே ஒரு மீட்டருக்கு 100 வோல்ட் அளவுக்கு மின்புலம் உண்டு. நமக்கு ஒன்றும் தெரியாது. இடிமேகம் தலைக்கு மேலே வந்தால் அதுவே மீட்டருக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகிறது. திசையும் தலைகீழாக மாறிவிடலாம். எந்த மேகம் இப்படிச் செய்யும் என்பதைத்தான் வானிலை தீர்மானிக்கிறது.

முதல் விஷயம், மழை வேறு மின்னல் வேறு. மேகத்தில் மின்சாரம் சேர வேண்டுமென்றால் அது பனிக்கட்டி உருவாகும் உயரத்துக்கு வளர வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, இருபது டிகிரி குளிரில் சின்னப் பனித்துகள்களும் கொஞ்சம் பெரிய மென்கட்டிகளும் மோதி மோதித்தான் மின்னூட்டம் பிரிகிறது. ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவமழை நாள் கணக்கில் கொட்டும். ஆனால் அப்போது இடி குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் சுள்ளென்று வெயில் அடித்து, மதியம் கோபுரம் மாதிரி மேகம் எழும்பும். மழை அரை மணி நேரம்கூட இருக்காது. ஆனால் இடி பின்னி எடுக்கும். மறுபடி அக்டோபர், நவம்பரில் ஒரு சுற்று.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? மண் சரிந்தது, சாலை போனது, உயிர்கள் போயின. அது மழை தந்த பேரழிவு. நம் எச்சரிக்கை, விடுமுறை எல்லாமே அந்த மழை அளவை வைத்துத்தான். மழை அதிகம் என்றால் பள்ளிக்கு லீவு. ஆனால் மின்னல் ஆபத்து அதிகமுள்ள ஒரு சித்திரை மாத மதியத்தில் மழைமானி காட்டுவது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

இரண்டாவது, உயரம். 2200 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. காற்று மெலிந்தால் மின்சாரம் அதைப் பிளந்துகொண்டு பாய்வது சுலபம். மேகத்தின் அடிப்பகுதியும் நமக்குப் பக்கம். முகட்டில் நிற்கும் எதுவும், மரமோ மனிதனோ, மின்புலத்தைத் தன் தலையில் குவித்துக்கொள்ளும்.

மூன்றாவது, மூடுபனி. ஊட்டிக்காரர்களுக்கு மட்டுமான ஸ்பெஷல் :-) காற்றில் இருக்கும் அயனிகள் பனித்துளிகளில் ஒட்டிக்கொள்வதால் காற்றின் கடத்தும் திறன் குறைகிறது. விளைவு, இடிமேகமே இல்லாத வெறும் மூடுபனியில்கூட மின்புலம் வழக்கத்தைவிட ஏறிவிடும். மழைத்துளிகளும் தங்கள் பங்குக்கு மின்னூட்டத்தைச் சுமந்து வந்து கருவியைக் குழப்பும். இந்த மூன்றாவது விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காமர்ஸ் இங்கேதான் உள்ளே நுழையப் போகிறது.

நான்காவது, தரை. மின்னல் அடித்ததும் சுமார் 30 ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதிலிருந்து மின்காந்த அலை எல்லாத் திசைகளிலும் ஓடும். பழைய மீடியம் வேவ் ரேடியோவில் பாட்டு கேட்கும்போது 'கர்ர்க்' என்று வருமே, அதுதான். இந்த அலை தூரம் இரட்டிப்பானால் பாதியாகும். ஆனால் மின்னலுக்கு மிக அருகே இருக்கும் நிலைமின்புலம் தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். கூடலூரில் அடித்த மின்னல் நம் ரேடியோவைத் தொடும், நம்மைத் தொடாது. பக்கத்துச் சரிவில் அடித்தால் கதை வேறு. ஈரமண் மின்சாரத்தைச் சுலபமாக உள்வாங்கும், வறண்ட பாறை விடாது. நம் மலையிலோ பல இடங்களில் பாறை மேல் மெல்லிய மண் போர்வைதான். மழையில் அந்தப் போர்வை மட்டும் நனைந்திருந்தால் மின்னோட்டம் ஆழமாக இறங்காமல் மேலோடு பரவும். இரண்டு கால்களுக்கு இடையிலேயே ஆளைச் சாய்க்கும் அளவுக்கு மின்னழுத்த வித்தியாசம் வந்துவிடும். நேரடியாகத் தலையில் மின்னல் விழுந்தவர்களைவிட, இப்படித் தரை வழியாகத் தாக்கப்பட்டவர்கள்தான் அதிகம்.

தமிழில் நாம் 'இடி விழுந்து செத்தான்' என்கிறோம். இடி வெறும் சத்தம். அது எவரையும் கொன்றதில்லை. ஆனால் இந்த வார்த்தை நம் மனதுக்குள் ஒரு தப்பான கணக்கை வைத்திருக்கிறது. இடி கேட்டதும் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லிவிட்டு, சத்தம் ஓய்ந்தால் ஆபத்து ஓய்ந்தது என்று வேலையைத் தொடர்கிறோம். உண்மையில் இடி கேட்கிறது என்றாலே நீங்கள் அடுத்த மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

யார் தலைக்கு மேலே?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியா முழுக்க மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2887 பேர். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களில் நடந்த சாவுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். வெள்ளம், புயல், வெப்ப அலை எதுவும் தனித்தனியாக இந்த எண்ணைத் தொடவில்லை. இறப்பவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் வயலில், தோட்டத்தில், மேய்ச்சல் காட்டில் வெட்டவெளியில் வேலை செய்பவர்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து மின்னலை போட்டோ எடுப்பவர்கள் இல்லை.

நீலகிரியில் வெட்டவெளி என்றால் தேயிலைத் தோட்டம். இடுப்பளவு செடிகள், நடுநடுவே ஒல்லியாக உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். மழை வந்தால் ஒதுங்கத் தோன்றும் இடமும் அந்த மரத்தடிதான். மின்னலுக்குப் பிடித்த இடமும் அதுதான்.

எங்கள் பக்கத்து லைன் வீட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "இடி இடிச்சா என்னக்கா பண்ணுவீங்க?"

"சூப்பர்வைசர் விசில் அடிச்சா இறங்குவோம் தம்பி. அடிக்கலைன்னா பறிச்சுக்கிட்டே இருப்போம். நின்னா கிலோ குறையும்ல?"

ஒரே வரியில் மொத்தப் பிரச்சினையையும் சொல்லிவிட்டார்.

கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு. இடிக்காக ஒரு மணி நேரம் ஷெட்டில் நின்றால் எடை குறையும், காசு குறையும். அதாவது மின்னலிலிருந்து தப்பிப்பதற்கான செலவை, அந்தச் செலவைத் தாங்க முடியாத ஆளே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இப்படி ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை வேறு எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. மழைக்கும் குளிருக்கும் தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு தர மாநில அரசு விதி செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். நல்ல விஷயம். மலை என்றால் மழை, குளிர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிசையில் இடி மின்னல் இல்லை. வில்சனின் கணக்கு வந்து 22 வருடம் ஆகியிருந்தும் இல்லை :-(

எச்சரிக்கை இருந்தால் போதுமா?

"இப்பதான் செல்போன்ல ஆப் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற ஆப்பைத் தந்திருக்கிறது. நாடு முழுக்க வைத்த உணர்கருவிகள் மின்னலின் ரேடியோ அலையைப் பிடித்து, எங்கே அடிக்கிறது என்று சொல்கின்றன. நம்மைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ.க்குள் மின்னல் இருந்தால் தெரியும். நல்ல சேவை. எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அது அடித்துவிட்ட மின்னலைத்தான் பிடிக்கிறது. சமவெளியில் மேகம் தூரத்திலிருந்து இடித்துக்கொண்டே வரும், ஆப் சொல்லும், நேரம் இருக்கும். மலையில் மேகம் பல நேரம் நம் தலைக்கு மேலேயே பிறந்து வளர்கிறது. அப்போது முதல் மின்னலே நம் சரிவில் விழலாம். அதற்கு முன்னால் பிடிக்க ஏதுமில்லை, மின்புலத்தைத் தவிர.

அதை அளக்க மின்புலமானி என்று ஒரு கருவி உண்டு. ஒரு சின்ன விசிறி சுற்றி, கீழே உள்ள தகட்டை மூடி மூடித் திறக்கும். தகட்டில் தூண்டப்படும் மின்சாரத்தை வைத்து மேலே மின்புலம் எவ்வளவு என்று சொல்லும். 1969 நவம்பர் 14-ல் நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 12 ராக்கெட்டை முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. கென்னடி விண்வெளி மையத்தைச் சுற்றி வரிசையாக மின்புலமானிகள் வைத்திருக்கிறார்கள். மின்புலம் எல்லை மீறினால் ராக்கெட் நிற்கும். மூன்று விண்வெளி வீரர்களுக்காகக் கோடிக்கணக்கான டாலர் ராக்கெட்டையே நிறுத்தலாம் என்றால், முப்பது கொழுந்துக்காரர்களுக்காக அரை மணி நேரம் நிறுத்தக் கூடாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவி நம் ஊரிலேயே இருக்கிறது. கிரேப்ஸ்-3 குழுவினர் இடிமேக ஆராய்ச்சிக்காக 2011-லேயே ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் நான்கு இடங்களில் மின்புலமானிகளை வைத்தார்கள். ஊட்டி மேகம் எப்படி நடந்துகொள்ளும், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் மின்புலம் எப்படி ஏறும் என்பதற்கு நம் மலையிலேயே பல வருடப் பதிவு உண்டு. அது எச்சரிக்கைக்காக வைத்ததல்ல, ஆராய்ச்சிக்காக வைத்தது. காஸ்மிக் கதிர் விஞ்ஞானிகளை சைரன் ஊதச் சொல்வது என் நோக்கமில்லை. அந்த அறிவை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுகளுக்கு இறக்க வேண்டியது மாவட்ட நிர்வாகமும் தேயிலைத் தொழிலும்.

இப்போது மூடுபனிக்கு வருகிறேன்.

மூடுபனியிலும் மின்புலம் ஏறும், மழைத்துளியும் கருவியைக் குழப்பும் என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் சில நாள் வீண் எச்சரிக்கை வரும். சைரன் ஊதும், எல்லோரும் இறங்குவார்கள், ஒரு மின்னலும் அடிக்காது. எல்லையை உயர்த்தி வைத்தால் வீண் எச்சரிக்கை குறையும், ஆனால் ஒரு நாள் நிஜ மின்னல் சொல்லாமல் வந்துவிடும். இது வானிலையின் இயல்பு. எந்த விஞ்ஞானியாலும் இதைப் பூஜ்யமாக்க முடியாது.

ஆகவே கேள்வி இயற்பியலை விட்டு எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு வந்துவிடுகிறது. வீண் எச்சரிக்கையின் செலவு யாருடையது?

அது தொழிலாளியின் செலவு என்றால், மூன்றாவது முறை சைரன் ஊதும்போது எவரும் இறங்க மாட்டார்கள். "போன தடவையும் ஊதினாங்க, ஒண்ணும் வரல, ரெண்டு கிலோ போச்சு" என்று பறித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அது நிர்வாகத்தின் செலவு என்றால், தொழிலாளி முதல் சத்தத்திலேயே இறங்குவார், நிர்வாகமும் வீண் எச்சரிக்கை குறைகிற மாதிரி நல்ல கருவி வாங்கப் பார்க்கும். செலவை யார் தலையில் வைக்கிறோமோ அவர்தான் அதைக் குறைக்க வழி தேடுவார். முதலாம் ஆண்டுப் பாடம் இது.

சரி, எவ்வளவு செலவு? ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் தோட்டத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளைக்கு 25 கிலோ கொழுந்து, வருடத்துக்கு 250 நாள் பறிக்கிறார். 6250 கிலோ பச்சைக் கொழுந்து. நூறு கிலோவுக்கு 22 கிலோ தூள் என்றால் 1375 கிலோ டீத்தூள். நாள் கூலி 480 ரூபாய், எட்டு மணி நேரம், மணிக்கு 60 ரூபாய். இடிக்காக வருடத்தில் 20 மணி நேரம் வேலை நிற்கிறது என்று வைப்போம். 1200 ரூபாய். அதை 1375 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 87 பைசா. இரண்டு கிராமுக்கு ஒரு கப் என்றால் ஒரு கப் டீக்கு ஒரு பைசாவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனைக்கும் பறிக்காமல் விட்ட கொழுந்து ஓடிப்போய்விடாது. மறுநாள் அதே செடியில்தான் இருக்கும்.

ஒரு எதிர்வாதத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீலகிரியில் பெரிய எஸ்டேட்டுகள் மட்டும் இல்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள் பல்லாயிரம் பேர். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் வருடக்கணக்கில் போராடுகிறவர்கள். அவர்களிடம் போய் "இடி நேரக் கூலி கொடு" என்றால் அடிக்க வருவார்கள், நியாயமும் அதுதான். அவர்களே தங்கள் தோட்டத்தில் நின்று பறிக்கிறவர்கள், மின்னலுக்கு அவர்களும் இரைதான். அங்கே கருவியும் சைரனும் ஊராட்சியின், அரசின் பொறுப்பாக இருக்கட்டும். பெரிய தோட்டங்கள் சொந்தமாகச் செய்யலாம். வசதி இல்லாதவனுக்கு முடியாது என்பது வசதி உள்ளவனுக்குச் சாக்கு ஆகக் கூடாது.

அதுவரை என்ன செய்வது? மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். சுவர் உள்ள கட்டடம் நல்லது. கண்ணாடி ஏற்றிய பஸ், ஜீப்பும் நல்லது. நாலு தூண் மேல் தகரம் போட்ட திறந்த ஷெட் பாதுகாப்பல்ல. மரத்தடி கூடவே கூடாது. தாக்கப்பட்டவரின் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, பயப்படாமல் தொடலாம். மூச்சோ நாடியோ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள், ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள். மின்னல் பட்டவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. எண்ணி முடித்ததும் கூடையை இறக்கி வைக்க அந்த அக்காவுக்கு உரிமை வேண்டும். 130 கோடி வோல்ட்டை இரண்டு சதவீத வித்தியாசத்திலிருந்து கண்டுபிடிக்கிற ஊர் இது. கிலோவுக்கு 87 பைசாவை யார் கொடுப்பது என்பதை நம்மால் கண்டுபிடிக்க முடியாதா என்ன?

உங்களில் யாராவது எஸ்டேட் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் இடி இடித்தால் யார் விசில் அடிக்கிறார்கள்? அந்த நேரத்துக்குக் கூலி உண்டா?